வெட்டும் உரிமை

உயிருள்ள ஒன்றின்மேல் கத்தியை வைத்துவிட்டு, "உன் நன்மைக்காகத்தான் வெட்டுகிறேன்" என்று ஒருவன் சொன்னால் அவனை நம்பலாமா? இந்தக் கேள்வி புத்தகம் படித்து வந்ததல்ல. சேர்வராயன் மலையில், செம்மநத்தத்தில், ஓர் அத்திமரத்தின் அடியில் நின்றபோது வந்தது. வந்தது போகவில்லை. ஆகையால் வாசகர்களோடு அதைப் பகிர்ந்துகொள்வதென்று முடிவு செய்தேன்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. அங்கிருந்து இன்னும் உள்ளே போக வேண்டிய மலைக் கிராமங்களில் ஒன்று செம்மநத்தம். என் நண்பர் ஒருவருக்கு அந்தப் பக்கத்தில் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. இந்த மலைக்குக் காப்பி வந்து இருநூறு வருஷம் ஆகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் கொண்டுவந்து வைத்த பயிர் அது. அவர் போய்விட்டார், அவரை அனுப்பிய ராஜ்யமும் போய்விட்டது, செடி மட்டும் இந்த மண்ணைத் தன் மண்ணாக்கிக்கொண்டு நிற்கிறது.

நான் போயிருந்தது மாசி மாதம். பழம் பறித்து முடிந்திருந்தது. காலையில் நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் தோட்டத்துக் காப்பியையே குடித்துக்கொண்டிருந்தேன். பனி விலகாத மரங்களுக்குள்ளிருந்து வெட்டும் சத்தம் கேட்டது. நின்று நின்று, அவசரமில்லாமல் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அத்திமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் கொடுவாள். தரை முழுதும் பச்சைக் கிளைகள். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து வெள்ளையாகப் பால் வழிந்துகொண்டிருந்தது.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. "நன்றாக இருக்கிற மரத்தை எதற்காக இந்தப் பாடு படுத்துகிறீர்கள்?" என்று நண்பரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "மரத்தை வெட்டவில்லை, நிழலைக் கழிக்கிறோம்" என்றார்.

நிழலைக் கழிப்பது! நல்ல சொல். கணக்குப் பாடத்தில் கழித்தல் எவ்வளவு கவனமாகச் செய்ய வேண்டியதோ, இதுவும் அப்படித்தான் என்று அவர் பேசப் பேசத் தெரிந்தது. காப்பி நிழலில் வாழ்கிற செடி. ஆனால் நிழல் மிஞ்சினால் பூ குறையும். ஈரம் காயாமல் இலையில் நோய் பிடிக்கும். நிழல் குறைந்தாலோ அதைவிட ஆபத்து. வெயில் படுகிற அராபிகாச் செடியின் தண்டைத் தேடி வெள்ளைத் தண்டுத்துளைப்பான் என்ற வண்டு வரும். பட்டையின் வெடிப்பில் முட்டையிடும். புழு உள்ளே புகுந்து தண்டைக் குடையும். வெளியே இலை மஞ்சளாகி நமக்குத் தெரிய வரும்போது உள்ளே காரியம் முடிந்திருக்கும். ஆகவே ஒரு கிளையை அதிகமாக வெட்டினாலும் கீழே இருக்கிற செடி சாகும். வெட்டாமல் விட்டாலும் காய்க்காது.

மரத்துக்குக் கீழே சில பெண்கள் காப்பிச் செடிகளைக் கவாத்துச் செய்துகொண்டிருந்தார்கள். காய்த்து ஓய்ந்த வாதுகளை எடுத்தார்கள். தண்டிலிருந்து நேரே மேல்நோக்கிக் கிளம்பும் நீர்ப்போத்துகளைக் கையாலேயே ஒடித்தார்கள். சென்ற வருஷம் வளர்ந்த இளங்கிளையில்தான் இந்த வருஷம் பூ வரும். பழைய கிளையையே கட்டிக்கொண்டிருந்தால் புதியதற்கு இடமில்லை. கவாத்து என்ற சொல்லுக்குப் போலீஸ்காரர்களையும் சிப்பாய்களையும் வரிசையாக நிறுத்திப் பழக்குவது என்ற பொருளும் நம் மொழியில் உண்டு. செடிக்கும் சிப்பாய்க்கும் ஒரே சொல் வந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பதினைந்தடிக்கு மேல் வளரக்கூடிய செடியை மார்பு உயரத்தில் நிறுத்தி, வரிசை கலையாமல் வைத்திருப்பதைப் பார்த்தால் சொல் பொருத்தமாகத்தான் தெரிகிறது.

இதற்குள் மேலே இருந்தவர் தொடைப் பருமனான ஒரு கிளைக்கு வந்திருந்தார். கொடுவாளைச் செருகிவிட்டு ரம்பத்தை எடுத்தார். கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்தை விட்டுவிட்டு, ஒரு முழம் தள்ளி, கீழ்ப்பக்கத்தில் அறுத்தார். கால்வாசி அறுத்ததும் நிறுத்தினார். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி மேற்பக்கத்தில் அறுத்தார். கிளை மளமளவென்று முறிந்து விழுந்தது. மிச்சமிருந்த குட்டைத் துண்டைக் கடைசியாக, மெதுவாக, தனியே எடுத்தார். ஒரு கிளைக்கு மூன்று வெட்டு.

அவர் இறங்கி வந்ததும் காரணம் கேட்டேன்.

"கீழே முதல்ல ஒரு வாய் போடணுங்க ஐயா. போடாம மேலேயே அறுத்தா, கிளை சாயறப்போ தாய்மரத்துத் தோலை உரிச்சுக்கிட்டே வரும். அப்புறம் அது கிளையோட காயம் இல்லை, மரத்தோட காயம்."

"கடைசித் துண்டை மரத்தோடு ஒட்ட வெட்டியிருந்தால் வழவழப்பாக இருந்திருக்குமே? ஏன் அந்த மேட்டை விட்டுவிட்டீர்கள்?"

அவர் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். கிளை சேரும் இடத்தில் வளையம்போல் தடித்திருந்த பகுதியைக் காட்டினார். "அந்த மடிப்பு மரத்தோடது. கிளையோடது இல்லை. அதை விட்டுவச்சா அதுவே சுத்தி வளர்ந்து வாயை மூடிக்கும். அதை எடுத்துட்டா மூடாது. அதுக்காக நீளமா மொட்டை விட்டாலும் தப்பு. மொட்டை செத்து, அது வழியா உள்ளே இத்துப் போகும்."

அவர் பேசியதைக் கேட்டபோது எனக்கு உள்ளூர ஒரு கலக்கம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சேலத்தில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா வைத்த வேம்பு ஒன்று இருந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் அடித்தபோது, மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்த படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டோம். புயல் சேலத்துக்கு வரவில்லை, பயம் வந்துவிட்டது. ஆள் பிடித்து, வேம்பின் தலையையும் பெரிய கிளைகளையும் பாதியில் வெட்டச் சொன்னேன். வந்தவர்கள் அரை நாளில் அதை ஒரு கம்பம்போல ஆக்கிவிட்டுப் போனார்கள். வெட்டுவாய்களில் தார் பூசச் சொன்னேன். அப்பொழுது அது எனக்குப் பெரிய ஜீவகாருண்யமாகத் தோன்றியது.

இரண்டே மாதத்தில் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர் வந்தது. "பார்த்தாயா, முன்னைவிட அடர்த்தி!" என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். அது செழிப்பல்ல, தவிப்பு என்பது எனக்குத் தெரியாது. இலையெல்லாம் போன மரம் பசியால் செய்கிற காரியம் அது. தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகளையெல்லாம் எழுப்பி, கையிருப்பை அழித்து இலை போடுகிறது. அப்படி வந்த போத்துகள் மரத்தின் உள்ளிருந்து பிறந்தவை அல்ல, மேலாக ஒட்டிக்கொண்டவை. பருத்துக் கனத்தபோது அவற்றுக்குப் பிடிப்பில்லை. 2021-ல் ஒரு சாதாரணக் கோடை மழைக் காற்றில் பாதி மரம் பிளந்து விழுந்தது. புயலுக்குப் பயந்து வெட்டிய மரம், வெட்டியதனாலேயே காற்றுக்கு விழுந்தது. பிளந்த இடத்தில் பார்த்தேன். தாரும் பட்டையும் மூடியிருந்த வெட்டுக்கு உள்ளே, நடுமரம் கறுத்துப் பொடியாகிக் கிடந்தது.

அதன் பிறகுதான் இதைப் பற்றிப் படித்தேன். அலெக்ஸ் ஷைகோ என்று ஓர் அமெரிக்கர். 1959-ல் அந்நாட்டு வனத்துறையில் சேர்ந்து, மரங்கள் உள்ளே எப்படி அழுகுகின்றன என்பதை ஆராய்ந்தார். அதுவரை ஆராய்ந்தவர்கள் மரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தார்கள்; இவர் விசை ரம்பத்தைக்கொண்டு நீளவாக்கில் பிளந்து பார்த்தார். ஆயிரக்கணக்கான மரங்களை அப்படிப் பார்த்தபின் அவர் கண்ட உண்மை இது: மரத்தின் காயம் ஆறுவதில்லை. நம் உடம்பில் தோல் கிழிந்தால் அந்த இடத்திலேயே புதிய தசை வளர்ந்து ஆறுகிறது. மரத்துக்கு அந்த வித்தை தெரியாது. அது காயத்தைச் சுற்றி உள்ளே சுவர் எழுப்புகிறது. அழுகல் மேற்கொண்டு பரவாதபடி அடைத்துவிட்டு, சுவருக்கு வெளியே புதிய மரத்தை வளர்த்துக்கொள்கிறது. பட்ட காயம் பட்ட இடத்தில், பட்ட நாளின் அளவில், மரம் உள்ளவரை உள்ளேயே இருக்கிறது. தார் பூசுவது அழுகலைத் தடுப்பதில்லை என்பதையும் அவரே காட்டினார். கிளையடியின் மடிப்பைத் தொடாதே என்று படித்தவர் உலகத்துக்கு உரத்துச் சொன்னவரும் அவர்தான். செம்மநத்தத்துப் பெரியவர் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஒருவர் மரத்தைப் பிளந்து கண்டதை இன்னொருவர் மரத்தோடு இருந்து கண்டிருக்கிறார்.

காயம் ஆறுவதில்லை, மூடப்படுகிறது. இந்த இடத்துக்கு வந்ததும் என்னால் மரத்தைப் பற்றி மட்டும் நினைக்க முடியவில்லை.

என் மகனுக்குப் பதினாறு வயதில் மிருதங்கத்தின் மேல் பைத்தியம். தெருக்கோடியில் ஒரு வித்துவானிடம் கற்றுக்கொண்டிருந்தான். பிளஸ் டூ வகுப்பு வந்ததும் நான் அதை நிறுத்தினேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. "உன் நன்மைக்குத்தானப்பா சொல்கிறேன், வேலை கிடைத்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் வாசி" என்று அன்பாகத்தான் சொன்னேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. நன்றாகப் படித்தான், இன்ஜினீயரானான், பெங்களூரில் இருக்கிறான். "அவன் அதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டான்" என்று பல வருஷமாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். வேம்பின் கறுத்த நெஞ்சைப் பார்த்த பிறகு அந்த வாக்கியம் என் வாயில் வருவதில்லை.

"அப்படியானால் வெட்டவே கூடாதா? பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிட வேண்டியதுதானா?" என்று வாசகர் கேட்கக்கூடும். நான் அப்படிச் சொல்லவில்லை. கவாத்துச் செய்யாத காப்பித் தோட்டத்தை நண்பர் எனக்குக் காட்டினார். பங்காளிச் சண்டையில் பல வருஷம் யாரும் நுழையாத இடம் அது. செடிகள் உயர ஓடி, உச்சியில் நாலு பழத்தைக் காட்டிக்கொண்டு, அடியெல்லாம் வறண்ட குச்சியாக நின்றன. இரண்டு கிளை உரசிப் பட்டை தேய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கருணை ஆகாது. பட்ட கிளையை மரத்தில் தொங்க விடுவதும் அப்படித்தான். மரத்தை வணங்குவதும் கருணையாகிவிடாது. காவல் மரத்தின் மாங்காய் ஆற்றில் மிதந்து வந்ததை எடுத்துத் தின்றாள் என்பதற்காக ஒரு பெண்ணைக் கொன்ற நன்னன் கதையைச் சங்க நூல்கள் சொல்கின்றன. அவனுடைய மரத்தில் ஓர் இலைகூட வாடியிருக்காது.

வெட்டலாமா, கூடாதா என்பதல்ல கேள்வி. யாருக்காக வெட்டுகிறோம் என்று நமக்கு நாமே உண்மையைச் சொல்லிக்கொள்கிறோமா என்பதுதான்.

காட்டில் கவாத்துக்காரன் இல்லை. மரம் தனக்கு வேண்டாத கிளையைத் தானே பட்டுப்போக விட்டு, தானே உதிர்க்கிறது. கத்தி வேண்டியிருப்பது நாம் கொண்டுவந்து வைத்த மரத்துக்கு. காப்பிச் செடி மார்பு உயரத்தில் நிற்பது நம் கை எட்டுவதற்காக. மின்கம்பிக்கு அடியில் கன்றை நட்டுவிட்டு, அது கம்பியைத் தொட்டதும் தலையைச் சீவுகிறோமே, அதில் மரத்தின் நன்மை எங்கே இருக்கிறது? அதற்காகக் காப்பி பயிரிடாமலோ தெருவில் மரம் வைக்காமலோ இருக்க முடியாது. ஆனால் "எனக்காக வெட்டுகிறேன்" என்று ஒப்புக்கொண்டால் ஒரு நன்மை உண்டு. கை கூசும். கூசுகிற கை குறைவாக வெட்டும். உயிருள்ள இலைப்பரப்பில் ஒரே வருஷத்தில் கால்பங்குக்குமேல் எடுக்காதே என்று இன்றைய மர நிபுணர்கள் சொல்கிறார்கள். "உன் நன்மைக்காக" என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு அந்தக் கால்பங்கு நினைவுக்கு வராது. நன்மைக்கு எல்லை வைப்பானேன் என்று வெட்டிக்கொண்டே போவான்.

இன்னொன்றும் உண்டு. எல்லா மரமும் ஒரே மாதிரி அல்ல. எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு தென்னை. பொங்கலுக்கு முன் ஆள் ஏற்றி, பச்சை மட்டைகளையும் சேர்த்து வெட்டி, உச்சியில் நாலைந்து மட்டையோடு விடுவது எங்கள் வழக்கம். முடி வெட்டிக்கொண்ட பையனைப்போல் சுத்தமாகத் தெரியும். தென்னைக்கும் பனைக்கும் கிளை இல்லை. உச்சியில் இருக்கிற ஒரே குருத்துத்தான் அதற்கு உயிர். அது போனால் மாற்றுத் துளிர் கிடையாது. தண்டில் பட்ட வெட்டை மூடிக்கொள்ளும் பட்டைக்கூட அதற்கு இல்லை. இருபது வருஷத்துக்கு முன் ஏறியவன் கொத்திய படி இன்றும் அப்படியே இருக்கும். நல்ல தென்னையின் தலையில் முப்பது மட்டைக்குமேல் உண்டு. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டை புதிதாக வருகிறது. ஒவ்வொரு மட்டைக் கக்கத்திலும் ஒரு பாளை. பச்சை மட்டையை வெட்டுகிறவன் தேங்காயை வெட்டுகிறான். அடியோடு ஒட்ட வெட்டினால் ஈரவெட்டின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். அதனால்தான் பச்சை மட்டையை வெட்டியே தீரவேண்டுமென்றால் நாலடி விட்டு வெட்டு என்கிறார்கள்.

அடிமட்டை மஞ்சளாவதைப் பார்த்தால் நமக்குப் பொறுப்பதில்லை, உடனே எடுத்துவிடுகிறோம். சாம்பல் சத்து போதாதபோது, முதிய மட்டை தன்னிடமுள்ளதை மேலே இருக்கிற இளமட்டைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் மஞ்சளாகிறது. அதை வெட்டினால் பற்றாக்குறை அடுத்த மட்டைக்குப் போகும். காய்ந்து தானாகத் தொங்கும்வரை அதற்கு வேலை இருக்கிறது. கூட்டுக் குடும்பங்களில் மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமாரை, "இனி இவர்களால் என்ன பிரயோஜனம்" என்று நினைக்கிறவர்கள் தென்னையின் அடிமட்டையை ஒரு தரம் அண்ணாந்து பார்க்கலாம். மனிதர்களிலும் பல கிளை உள்ளவர்கள் உண்டு. ஒன்றை இழந்தால் இன்னொன்றில் தழைப்பார்கள். ஒரே குருத்து உள்ளவர்களும் உண்டு. என் மகன் எந்த வகை என்று பார்க்காமலேயே நான் வெட்டினேன். வேம்பாக இருந்தானோ, தென்னையாக இருந்தானோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

மலையை விட்டு இறங்குவதற்கு முந்திய மாலை, பெரியவர் என்னை ஒரு பலாமரத்திடம் அழைத்துப் போனார். ஆள் உயரத்துக்குமேல் பட்டை உருண்டு திரண்டு, நடுவில் கைப்பிடி அளவு பள்ளம் மட்டும் மீதியிருந்தது. "வாலிப வயசிலே நான் போட்ட வெட்டுங்க. கொஞ்சம் ஒட்டிப் போட்டுட்டேன். அப்போ தெரியாது. இன்னும் முழுசா மூடலை. வருஷம் ஒரு தரம் வந்து பார்ப்பேன்."

"பார்த்து என்ன செய்வீர்கள்?"

"என்ன செய்யறது? பார்ப்பேன். தண்ணி தேங்கியிருந்தா வழிச்சு விடுவேன்."

என் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. அரை நாளில் வேம்பை மொட்டையடித்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களை அழைத்த நானும் தாரைப் பூசிவிட்டு மறந்தேன். வெட்டியபிறகு அங்கேயே இருந்து, வருஷாவருஷம் அந்தக் காயத்தின் முகத்தில் விழிக்கத் துணிந்தவனுக்குத்தான் வெட்டும் உரிமை உண்டு. தகப்பனுக்கும் அதுதான் சட்டம். வாத்தியாருக்கும், ஓர் ஊரைக் காலிசெய்யச் சொல்லி உத்தரவு போடுகிற அதிகாரிக்கும் அதுவே சட்டமாக இருந்தால் நல்லது.

வீட்டுக்கு வந்த மறுநாள் பரணில் ஏறி மிருதங்கத்தை இறக்கினேன். உறை மேல் ஒரு விரல் தூசி. துடைத்துக் கூடத்தில் வைத்தேன். மகன் சித்திரை விடுமுறைக்கு வந்தான். பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்து வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். வலந்தலையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். சுருதி சேரவில்லை.

"வார் தளர்ந்து போச்சுப்பா" என்றான்.

"இழுத்துக் கட்ட ஆள் இருக்கிறானா, விசாரிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "விசாரியுங்கள்" என்றான்.